முள்மூங்கிலில் ஒரு கருந்தத்துப்பூச்சி: ஆனைகட்டி நாட்குறிப்பு

நாள் 1: கோவை – ஆனைகட்டி

தேடி வந்தது ஒரே ஒரு பூச்சியை. நீளம் சுமார் 4 மில்லிமீட்டர். பளபளக்கும் கறுப்பு, தட்டையான உடம்பு. இலையில் உட்கார்ந்திருக்கும்போது குட்டி வண்டு என்றே தோன்றும். விரலைக் கிட்டக் கொண்டுபோனால் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து இலையின் மறுபக்கம் ஒளியும். இன்னும் நெருங்கினால் தத்திவிடும். நெல்லில் பச்சைத் தத்துப்பூச்சியையும் மாம்பூவில் தத்துப்பூச்சியையும் பார்த்துப் பழகியவர்களுக்கு இதன் குடும்பம் தெரிந்ததுதான், சிக்காடெல்லிடே. அந்தக் குடும்பத்துக்குள் பெரும்பாலும் மூங்கிலையே நம்பி வாழும் ஒரு கூட்டம் உண்டு, முகாரியினி என்று பெயர். அதில் முகாரியா என்ற பேரினத்தை ஆங்கிலேயப் பூச்சியியலாளர் டிஸ்டன்ட் 1908-இல் விவரித்தார். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூங்கிலைத் தட்டினால் விழும் தத்துப்பூச்சிகளில் இந்தப் பேரினமும் இதன் உறவுகளும் உண்டு.

படம் எடுத்துப் போட்டு "இது என்ன பூச்சி" என்று கேட்டால் இதற்குப் பதில் கிடைக்காது. கறுப்பாகப் பளபளக்கும் தத்துப்பூச்சிகள் வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். இனம் சொல்ல மூன்று சாட்சி வேண்டும்: பூச்சி இருந்தது எந்த மூங்கில், அதே மூங்கிலில் அதன் குஞ்சும் இருந்ததா, ஆண்பூச்சியின் இனவுறுப்பு என்ன வடிவம். இந்த நாட்குறிப்பு அந்த மூன்றையும் ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறது.

இடம், கோவையிலிருந்து தடாகம், மாங்கரை வழியாகச் சுமார் 30 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் எல்லையாக ஓடும் கொடுங்கரைப் பள்ளத்தை ஒட்டிய பட்டா நிலங்களின் வேலியோரம். காப்புக்காட்டுக்குள் ஒரு கொசுவைப் பிடிக்கக்கூட வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டா நிலத்தில் உரிமையாளரிடம் கேட்டாக வேண்டும். இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். அனுமதி எண் இல்லாத மாதிரியை ஒழுங்காக நடக்கும் எந்த அருங்காட்சியகமும் வாங்கிக்கொள்ளாது.

மாதம் செப்டம்பர். தென்மேற்குப் பருவமழையில் முளை கிளம்பி, பழைய கழிகளின் கிளைகளிலும் புதுத்தழை விட்டிருக்கும் காலம். சாறு உறிஞ்சும் பூச்சிக்குக் கொண்டாட்டம் இப்போதுதான். மார்ச், ஏப்ரலில் வந்தால் இலை உதிர்ந்து, தூர் தூராகத் தட்டினாலும் சிலந்திதான் விழும்.

முதல் வேலை மூங்கிலுக்குப் பெயர் சொல்வது. பலர் இதைக் கடைசிக்குத் தள்ளி, வீட்டுக்குப் போய்ப் படத்தைப் பார்த்து எழுதுகிறார்கள். இலைப் படத்தை வைத்து மூங்கிலை இனம் பிரிக்கவே முடியாது. இங்கே இயற்கையாக வளர்வது இரண்டு. பள்ளத்தின் ஈரக்கரையில் முள்மூங்கில், தாவரவியலில் பாம்புசா பாம்போஸ். அடிக்கணுக்களில் இரண்டும் மூன்றுமாக வளைந்த முள், ஒன்றோடொன்று பின்னி வேலி கட்டினதுபோல் இருக்கும். கழி உள்ளே பொள்ளல். முளையைப் போர்த்தியிருக்கும் மட்டை தோல்போலத் தடித்தது. அதன் நுனியில் இருக்கும் முக்கோண இலைக்கு உள்பக்கம் வெல்வெட் தடவினதுபோலக் கருப்பழுப்பு மயிர். வறண்ட சரிவில் கல்மூங்கில், டெண்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். முள் கிடையாது, கழி கெட்டி அல்லது நடுவில் மிகச் சிறிய துளை, இலையின் அடிப்பக்கம் தொட்டால் மென்மயிர்.

மூன்றாவதாக ஒரு குழப்பம், தோட்டங்களில் வரிசையாக நட்டிருக்கும் முள்ளில்லா மூங்கில். வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த பால்கோவா வகையை இப்போது பல விவசாயிகள் நடுகிறார்கள். முள் இல்லை என்பதை மட்டும் வைத்து அதைக் கல்மூங்கில் என்று எழுதிவிட்டால் பூச்சியின் பதிவே பொய்யாகிவிடும். அதனால் ஒவ்வொரு தூரிலும் ஐந்து படம்: முழுத் தூர், அடிக்கணு, முளையின் மட்டை உள்ளும் புறமும், இலைக்கிளை, வெட்டுப்பட்ட கழியின் குறுக்குவெட்டு. உதிர்ந்த மட்டை ஒன்றைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் மயிர் தோலில் பட்டால் இரவு முழுக்க அரிக்கும், கையுறை கட்டாயம்.

இன்று பத்துத் தூர்களுக்கு எண் கட்டினோம். ஏழு முள்மூங்கில், மூன்று கல்மூங்கில்.

நாள் 2: தட்டு

மூங்கிலில் வீச்சுவலை வேலைக்கு ஆகாது. நெல்வயலில் பத்து வீச்சில் நூறு பூச்சி வரும் அதே வலை, முள்மூங்கிலில் மூன்றாவது வீச்சில் கிழியும். கிழியாவிட்டாலும் வலைக்குள் விழும் காய்ந்த இலைக் குப்பையில் 4 மில்லிமீட்டர் பூச்சியைத் தேடுவதற்குள் அது தத்திப் போயிருக்கும்.

தட்டித்தான் பிடிக்க வேண்டும். ஒரு மீட்டர் சதுர வெள்ளைத் துணியைக் குறுக்குக் கம்பில் இழுத்துக் கட்டி, தழை தொங்கும் கிளைக்கு அடியில் பிடித்து, தடித்த கம்பால் கிளையை இரண்டே அடி. மெல்ல மெல்ல ஆட்டினால் பூச்சி சுதாரித்துக்கொண்டு இறுகப் பிடித்துக்கொள்ளும். அடி திடீரென்று விழ வேண்டும். துணியில் விழுந்த தத்துப்பூச்சி அடுத்த தாவலுக்கு முன் மூன்று நான்கு நொடிதான் தரும். அந்த நொடிகளில் ஒருவர் துணியைப் பிடிக்க, இன்னொருவர் உறிஞ்சுகுழலோடு, அதாவது வாயால் காற்றை இழுத்துப் பூச்சியைக் குப்பிக்குள் கொண்டுவரும் கருவியோடு, குனிந்திருக்க வேண்டும். தனியாளாகச் செய்தால் பாதி போய்விடும். வெள்ளைத் துணியில் கறுப்புப் பூச்சி தெளிவாகத் தெரியும், ஆனால் வெளிறிய குஞ்சு தெரியாது. ஆகவே ஒரு கறுப்புத் துணியும் கையிருப்பில்.

உறிஞ்சுகுழல் செய்வது எளிது. 30 மில்லி கண்ணாடிக் குப்பி, இரண்டு துளை போட்ட ரப்பர் மூடி, 6 மில்லிமீட்டர் உள்விட்டக் குழாய் இரண்டு. வாய்ப்பக்கக் குழாயின் உள்முனையில் மெல்லிய துணியை இரண்டு மடிப்பாகக் கட்ட வேண்டும். இதை மறந்தால் பூச்சி தொண்டையில். குப்பிக்குள் ஒரு விரல் அகலத் திசுத்தாள் போட வேண்டும். காரணம் சாதாரணமானது: மூச்சுக்காற்றின் ஈரம் கண்ணாடியில் படிந்து, பூச்சியின் சிறகு அதில் ஒட்டிக்கொண்டு சிதையும். தாள் அந்த ஈரத்தை வாங்கிக்கொள்ளும்.

நேரமும் முக்கியம். காலை ஒன்பதுக்கு முன் இலையில் பனி. தட்டினால் தண்ணீர்தான் கொட்டும். மதியத்துக்குப் பிறகு பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எழுந்துவிடும். துணி பாய்மரம்போல் உப்பி, விழுவதெல்லாம் பறந்துவிடும். கிடைப்பது ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை வரை இரண்டு மணி நேரம். ஒரு தூருக்குப் பத்துக் கிளை, ஒரு கிளைக்கு இரண்டு அடி, எல்லாத் தூருக்கும் ஒரே கணக்கு. ஒன்றும் விழாத தூருக்கும் குறிப்பேட்டில் 0 என்று எழுத வேண்டும். கல்மூங்கிலில் இல்லை என்று நாளைக்குச் சொல்ல இந்தச் சுழியங்கள்தான் ஆதாரம்.

காலையில் கூட வந்த இருளர் பெரியவர் பள்ளத்தின் மேற்குக் கரையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார். "ஆனை போன தடம் புதுசுங்க, இன்னிக்கு அந்தப் பக்கம் வேண்டாம்." மூங்கில் என்றால் யானைக்குச் சோறு. தழை நிறைந்த தூர் நமக்கு எவ்வளவு நல்லதோ அதற்கும் அவ்வளவு நல்லது. அந்தக் கரையிலிருந்த இரண்டு தூரை விட்டுவிட்டு கிழக்குக் கரையில் முடித்தோம்.

விழுந்தவற்றில் எல்லாம் தத்துப்பூச்சி அல்ல. கைலென்ஸில் பின்காலைப் பார்த்தால் அங்கேயே பிரித்துவிடலாம். பின்கால் முழுக்க வரிசை வரிசையாக முள்மயிர் இருந்தால் சிக்காடெல்லிடே. முழங்காலுக்குக் கீழே நுனியில் அசையும் ஒரு தடித்த முள் தனியே தொங்கினால் புகையான் குடும்பம், டெல்ஃபாசிடே. மூங்கிலில் வாழும் டெல்ஃபாசிடேக்களும் உண்டு. நீண்டு தடித்த உணர்கொம்புள்ள புரோஹிதா அதில் ஒன்று, பார்த்ததும் தெரியும். காலில் ஒன்றிரண்டு பெரிய முள்ளும் நுனியில் முள்வளையமும் இருந்தால் எச்சில் நுரைப்பூச்சி. இலையில் வெள்ளைப் புள்ளி புள்ளியாகச் சுரண்டினதுபோல் இருந்தால் அங்கே வேறொரு தத்துப்பூச்சிக் கூட்டம் தின்கிறது, டிஃப்லோசிபினே. அவை இலையின் சதைச் செல்லைக் குத்தி உறிஞ்சுவதால் அந்தப் புள்ளி. முகாரியா மாதிரியானவை நரம்பின் சாற்றை உறிஞ்சுபவை, புள்ளி விழாது. அடையாளத்தைச் சிறகிலும் சரிபார்க்கலாம்: டிஃப்லோசிபினேயின் முன்சிறகில் நுனிக்கு முன்னால் குறுக்கு நரம்பே இருக்காது.

இன்று ஏழு முள்மூங்கில் தூரில் ஐந்தைத்தான் தட்ட முடிந்தது, அவற்றில் நான்கில் கருந்தத்துப்பூச்சி கிடைத்தது. மொத்தம் பதினொன்று.

நாள் 3: குஞ்சு

பதினொரு பூச்சி கிடைத்தாலும் "முள்மூங்கிலில் வாழ்கிறது" என்று இன்னும் எழுத முடியாது. சிறகுள்ள பூச்சி காற்றில் அடித்துவரப்பட்டும் வந்து உட்காரும். பக்கத்துப் புல்லிலிருந்து தத்தியும் வரும். பழைய சேகரிப்புகளில் "மூங்கில் மீது" என்று எழுதியிருப்பது பல நேரம் "மூங்கிலுக்குப் பக்கத்தில்" என்றுதான் பொருள்படும். குஞ்சுக்குச் சிறகில்லை. அது இருக்கும் செடியில்தான் முட்டையிலிருந்து வந்திருக்கும். பெண்பூச்சி முட்டையை இலைத்திசுவுக்குள்ளேயே செருகிவிடும், வெளியே தெரியாது.

குஞ்சைத் தட்டிப் பிடிக்கக் கூடாது. எந்த இலையில் எந்த இடத்தில் இருந்தது என்பது போய்விடும். கிளையை மெதுவாக வளைத்துப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே வைத்துப் பார்க்க வேண்டும். நடுநரம்பை ஒட்டி நிழல்போல ஒரு சிறு தட்டை வடிவம். இலையுறை தண்டைத் தழுவும் இடுக்கையும் ஊசிமுனையால் லேசாக விலக்கிப் பார்க்க வேண்டும். முதிர்ந்த பூச்சியே இவ்வளவு தட்டையாக இருக்கும்போது குஞ்சு எங்கே ஒடுங்கும் என்று யோசித்தால் தேடவேண்டிய இடம் தானே தெரியும்.

தத்துப்பூச்சிக் குஞ்சுக்கு ஐந்து பருவம். நான்காவது, ஐந்தாவதில்தான் சிறகு மொட்டு முதுகில் தெளிவாகத் தெரியும். நமக்கு வேண்டியது ஐந்தாவது. அதை வளர்த்தால் ஒரு சட்டை உரித்ததும் முதிர்ந்த பூச்சி.

குஞ்சுக்குப் பெயர் சொல்லும் வழி வளர்ப்பதுதான். அதனால் நாற்றுப்பையில் ஓரடி உயர முள்மூங்கில் கன்று இரண்டு கொண்டுவந்திருந்தோம், மூன்று வாரமாக மருந்து தெளிக்காத கன்றுகள். கன்றின் மேல் மெல்லிய நைலான் வலையை உறைபோலக் கட்டி, அடியில் கன்றின் தண்டோடு பஞ்சு வைத்துச் சுற்றிக் கட்ட வேண்டும். பஞ்சு இல்லாவிட்டால் எறும்பு ஏறும். உறை இலையை ஒட்டக் கூடாது. ஒட்டினால் வலையும் இலையும் சேருமிடத்தில் ஈரம் நின்று பூஞ்சை பிடிக்கும். இரண்டு கம்பியை வில்லாக வளைத்துச் செருகினால் உறை விலகி நிற்கும். குஞ்சைத் தொட நனைத்த ஓவியத் தூரிகையின் ஒற்றை மயிர் முனை போதும். இடுக்கி வேண்டவே வேண்டாம்.

ஐந்தாம் பருவக் குஞ்சு மூன்று, கன்றுக்குள். நான்காம் பருவத்தில் ஒன்று ஆல்கஹாலில்.

நாள் 4: சரிவும் விளக்கும்

காலை கல்மூங்கில் சரிவு. மூன்று தூர், அறுபது அடி, கருந்தத்துப்பூச்சி 0. வெளிறிய மஞ்சளில் நீளமாக வேறொரு தத்துப்பூச்சி இரண்டு விழுந்தன, தனிக் குப்பியில் போட்டோம். இவற்றை முகாரியாவோடு ஒரே குப்பியில் போட்டுவிட்டால் பிறகு எந்த மூங்கில் எதற்கு என்பது கலைந்துவிடும். ஒரு தூர், ஒரு குப்பி, ஒரு சீட்டு. சோம்பல்படாமல் செய்ய வேண்டியது இது.

மூன்று தூரில் இல்லை என்பதால் கல்மூங்கிலிலேயே கிடையாது என்று ஆகாது. எண்ணிக்கை போதாது. குறிப்பேட்டில் தூர் எண்ணும் அடி எண்ணிக்கையும் இருக்கின்றன. அடுத்து வருபவர் அதன்மேல் கூட்டிக்கொள்ளலாம்.

இரவு, தங்கும் கட்டடத்தின் முற்றத்தில் வெள்ளைத் துணி, புறஊதா விளக்கு, ஏழு மணியிலிருந்து பத்து வரை. யானை நடமாடும் இடத்தில் விளக்குப்பொறியைத் தோட்டத்துக்குள் கொண்டுபோகவே கூடாது. துணிக்கு வந்ததில் கருந்தத்துப்பூச்சி ஒன்று, ஆண். விளக்குக்கு வருவதில் ஆண் அதிகம் என்பதால் இனவுறுப்பு பார்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் அதன் சீட்டில் மூங்கில் பெயர் எழுதக் கூடாது, "விளக்கில்" என்று மட்டும்.

நாள் 5: மேசை

கோவை. இன்று கொல்வது, குத்துவது, சீட்டு எழுதுவது.

கொல்வதற்கு முன் உயிரோடு படம். ஐஸ்பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்தால் பூச்சி அசையாமல் இருக்கும். மேலிருந்து, பக்கத்திலிருந்து, முகம் நேராக, பின்கால் விரித்து. ஆல்கஹாலில் போட்டதும் பச்சையும் சிவப்பும் வெளுக்கும், கறுப்பு நிற்கும். முகத்தில் மஞ்சள் சாயல் இருக்கிறதா, கால் என்ன நிறம் என்பதெல்லாம் இந்தப் படத்தில்தான் மிஞ்சும்.

லென்ஸில் நெருங்கிப் பார்த்தபோது ஒரு பூச்சியின் சிறகில் சாம்பல் தூவினதுபோல் மங்கல். அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். தத்துப்பூச்சி தன் கழிவுறுப்பான மால்பீஜியன் குழல்களில் சுரக்கும் பொடி அது, புரோகோசோம் என்று பெயர். ஒவ்வொரு துகளும் தேன்கூடு மாதிரித் துளையிட்ட வெற்றுக்கோளம், ஒரு மைக்ரோமீட்டருக்கும் குறைவு. சட்டை உரித்த பிறகு பூச்சி அதைக் கசியவிட்டு, பின்காலால் வாரி வாரி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும். தண்ணீரும் தன் கழிவின் ஒட்டும் சாறும் மேலே படாமல் வழிந்தோட இதுதான் காரணம். காலில் அந்த முள்மயிர் வரிசைகள் எதற்கு என்பதற்கும் பதில் இங்கே இருக்கிறது: அவை சீப்பு.

பதினொன்றில் இரண்டு வெளிறிய பழுப்பு. வேறு இனமோ என்று முதலில் தோன்றும். சிறகை ஊசியால் தொட்டால் வளைகிறது, வயிறு அழுந்துகிறது. சட்டை உரித்து ஒரு நாள்கூட ஆகாத பூச்சி, நிறம் ஏறவில்லை. காயவைத்தால் சுருங்கிப் போகும். இவற்றை ஆல்கஹாலில் மட்டும் வைக்க வேண்டும். இந்த வெளிறிய நிலையைப் பார்த்துப் புது இனம் என்று எழுதியவர்கள் உண்டு என்பது தத்துப்பூச்சி வகைப்பாட்டில் பழைய கதை.

ஆறு பூச்சி குத்துவதற்கு. இவ்வளவு சிறியதை நேராக ஊசியில் குத்தினால் உடையும். தடித்த காகித அட்டையில் 7 மில்லிமீட்டர் நீள முக்கோணம் வெட்டி, அகலப்பக்கத்தில் 3-ஆம் எண் துருப்பிடிக்காத ஊசியைக் குத்தி, கூர்முனையைச் சற்றே கீழே மடக்கி, அதில் நீரில் கரையும் பசை ஒரு பொட்டு. பூச்சியின் மார்பின் வலப்பக்கம் அதில் ஒட்ட வேண்டும். இடப்பக்கமும் வயிறும் முகமும் திறந்தே இருக்க வேண்டும். பசை அதிகமானால் பின்கால் அதில் மூழ்கிவிடும். அங்கேதான் நமக்கு எண்ண வேண்டிய முள் இருக்கிறது.

பின்தொடையின் நுனியில் தடித்த முள்கள் எத்தனை, எந்த வரிசையில் என்பது தத்துப்பூச்சிகளில் ஒரு சூத்திரம் போல எழுதப்படும். முகாரியினிக்கு 2+2+1. உடைந்த முள்ளைக் கணக்கில் விட்டால் சூத்திரம் பொய்த்துவிடும். முள் விழுந்தாலும் அதன் குழி வட்டமாக நிற்கும், குழியை எண்ணுங்கள். இத்துடன் தட்டையான முகம், தலையின் முன்விளிம்பை ஒட்டி இரண்டு தனிக்கண், அகலத்தைவிட நீளம் குறைந்த உச்சந்தலை, குட்டையான அகன்ற உடம்பு. பேரினம் முகாரியா என்பதில் தடையில்லை. உறவுப் பேரினமான மொஹுனியா மெலிந்து நீண்டிருக்கும். நேற்றுச் சரிவில் விழுந்த அந்த மஞ்சள் பூச்சிகளை அந்தத் திசையில்தான் பார்க்க வேண்டும்.

சீட்டு: அமிலமில்லாத தாள், 15க்கு 7 மில்லிமீட்டர், அழியாத நிறமி மை. மாநிலம், மாவட்டம், ஊர், அட்சரேகை தீர்க்கரேகை நான்கு தசம இடம், உயரம், தேதியில் மாதம் ரோம எண்ணில், செடி, பிடித்த முறை, தூர் எண். தேதியை 9-10 என்று எழுதினால் செப்டம்பர் பத்தா அக்டோபர் ஒன்பதா என்று நூறாண்டு கழித்து யாருக்கும் தெரியாது. 10.ix என்றால் சண்டையே இல்லை.

மீதிப் பூச்சிகள் 95 சதவீத எத்தனாலில். 24 மணி நேரம் கழித்து எத்தனாலை மாற்ற வேண்டும், பூச்சியின் உடல்நீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கும். மரபணு பார்க்கும் எண்ணம் இருந்தால் இந்த ஒரு மாற்றல் மிகப் பெரிய வேறுபாடு.

நாள் 6: காஸ்டிக் பொட்டாஷ்

இனத்தின் பெயர் ஆணின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஆணா பெண்ணா என்பது அடிப்பக்கத்தில் தெரியும். பெண்ணுக்கு நடுவே வாள் உறைபோல நீண்ட முட்டையிடும் குழல். ஆணுக்கு இரண்டு அடித்தகடு. நம்மிடம் ஆண் நான்கு, விளக்கில் வந்ததையும் சேர்த்து.

வெட்டுவதற்கு முன் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். வயிற்றின் பக்கத்தில் பை மாதிரி ஏதாவது புடைத்து நிற்கிறதா? நின்றால் அது டிரைனிட் குளவியின் புழு. வயிறு முழுக்க ஒரே வெள்ளைப் புழு அடைத்துக்கொண்டிருந்தால் பெருந்தலை ஈ, பிபன்குலிடே. ஒட்டுண்ணி தின்ற ஆணின் இனவுறுப்பு வளராமல் கோணிப்போகலாம். அதை வரைந்தால் உலகில் இல்லாத ஓர் இனத்தை வரைந்ததாகும். நான்கில் ஒன்றில் பை இருந்தது. அது ஒதுக்கப்பட்டது, ஒட்டுண்ணிக்குத் தனிச் சீட்டோடு.

செய்முறை. காய்ந்த பூச்சியை அடைத்த டப்பாவில் ஈரப்பஞ்சுடன் ஓர் இரவு வைத்தால் தளரும். மார்பும் வயிறும் சேருமிடத்தில் நுண் ஊசியால் பிரித்து வயிற்றை மட்டும் எடுக்க வேண்டும். 10 சதவீதக் காஸ்டிக் பொட்டாஷ் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) கரைசலில் போட வேண்டும். குளிர்ச்சியாக விட்டால் ஓர் இரவு. அவசரமென்றால் குப்பியைக் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் நிறுத்திப் பத்து முதல் பதினைந்து நிமிடம். நேராக அடுப்பில் காட்டினால் கரைசல் குமிழியிட்டுச் சிதறும், வயிறும் சேர்ந்து போகும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

குறைவாக வெந்தால் தசைநார் ஒட்டிக்கொண்டு உள்ளிருக்கும் இணைப்பு தெரியாது. அதிகமாக வெந்தால் எல்லாம் கண்ணாடிபோல் ஆகி விளிம்பே தெரியாது. அப்படி ஆகிவிட்டால் குளோரசால் கறுப்பு ஒரு துளி சாயம் காப்பாற்றும். பிறகு இருமுறை தண்ணீர், தண்ணீரில் இரண்டு சொட்டு அசிட்டிக் அமிலம், கடைசியில் குழிவான கண்ணாடித் தட்டில் கிளிசரின். மரபணுவும் வேண்டுமென்றால் காஸ்டிக் பொட்டாஷ் பக்கமே போகக் கூடாது. வயிற்றைப் புரோட்டினேஸ்-கே என்ற, புரதத்தைச் செரிக்கும் நொதியின் கரைசலில் ஊறவைத்தால் சதை கரைந்து டிஎன்ஏ கரைசலுக்கு வரும், ஓடு சுத்தமாக மிஞ்சும். ஒரே வயிற்றில் இரண்டும் கிடைக்கும். மூன்று ஆண்களில் ஒன்றுக்கு அப்படித்தான் செய்தோம்.

பார்க்க வேண்டிய பாகங்கள்: வயிற்றின் ஒன்பதாம் வளையமான பைகோஃபர், அதன் பின்விளிம்பில் முள்போல நீட்டல் உண்டா, அது எந்தப் பக்கம் வளைகிறது. இரண்டு அடித்தகடுகளின் மயிர் வரிசை. ஸ்டைல் எனப்படும் இரண்டு பற்றுறுப்புகளின் நுனி கொக்கியா, மழுங்கலா. அவற்றை நடுவில் கோக்கும் கனெக்டிவ். கடைசியாக ஈடியாகஸ், விந்து வெளிவரும் தண்டு. அதன் நுனியும், துளை இருக்கும் இடமும்தான் ஓர் இனத்தை அடுத்ததிலிருந்து பிரிக்கும்.

இங்கே பெரும்பாலோர் சறுக்குவது கோணத்தில். ஈடியாகஸ் 10 டிகிரி சாய்ந்தாலே வளைந்த தண்டு நேராகத் தெரியும், முள் மறையும். இரண்டு ஆணை இரண்டு சாய்வில் வரைந்து இரண்டு இனம் என்று எண்ணிவிடுவது மிக எளிது. பஞ்சின் ஓரிரு இழையைக் கிளிசரினில் போட்டு, அதில் ஈடியாகஸைச் சாய்த்து நிறுத்தினால் அசையாது. பக்கவாட்டு, பின்புறம், மேற்புறம் என மூன்று கோணம். மூன்று ஆணையும் ஒரே கோணத்தில் நிறுத்தி வரைந்து, தாள்களை ஒன்றின்மேல் ஒன்றாக வெளிச்சத்தில் பிடித்தோம். கோடுகள் பொருந்தின. முள்மூங்கிலில் தட்டிய இரண்டும் விளக்கில் வந்த ஒன்றும் ஒரே இனம்.

இனப்பெயருக்கு டிஸ்டன்ட்டின் 1908 விவரிப்பு மட்டும் உதவாது. அந்தக் காலத்து விவரிப்புகள் நிறத்தையும் வடிவத்தையும் வைத்து எழுதியவை, ஆணின் உள்ளுறுப்பு அதில் இல்லை. அவர் பெயர் வைக்க அடிப்படையாகக் கொண்ட மூலமாதிரிகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பிற்காலத்து ஆய்வாளர்கள், குறிப்பாகப் பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்தின் சி. ஏ. விரக்தமத், இந்தியத் தத்துப்பூச்சிகளின் உள்ளுறுப்புகளைப் பல பத்தாண்டுகள் வரைந்து வெளியிட்டிருக்கிறார்கள். ஒப்பிட வேண்டியது அந்த வரைபடங்களோடுதான், பக்கவாட்டுக் கோணத்தைப் பக்கவாட்டோடு, பின்புறத்தைப் பின்புறத்தோடு. அந்த ஒப்பீடு முடியும்வரை சீட்டில் பேரினம் மட்டும். வயிற்றுப் பாகங்கள் கிளிசரின் சொட்டோடு நுண்குப்பியில், அதே பூச்சியின் ஊசியில் கீழே செருகப்படும். பூச்சியும் அதன் உறுப்பும் பிரிந்தால் இரண்டும் வீண்.

நாள் 11: சட்டை

கன்றுக்குள் இருந்த மூன்று குஞ்சில் ஒன்று பூஞ்சையில் செத்தது. உறையின் அடியில் கட்டிய பஞ்சு, தண்ணீர் ஊற்றும்போது நனைந்ததுதான் காரணம். அதன்பிறகு தண்ணீரைப் பையின் அடித்தட்டில்தான் விட்டோம். இன்னொன்று இன்னும் குஞ்சாகவே இருக்கிறது.

மூன்றாவது நேற்று இரவு சட்டை உரித்திருக்கிறது. மூன்றாம் இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஆறு காலாலும் பற்றியபடி வெற்றுச் சட்டை. முதுகில் ஒரு நேர்கோட்டுப் பிளவு, சிறகு மொட்டின் உறைகூட மடிப்புக் கலையாமல் அப்படியே. அதற்கு ஒரு விரற்கடை தள்ளி வெளிறிய பூச்சி. கறுப்பு ஏறிச் சிறகு இறுக நான்கு நாள் விட வேண்டும், அதற்குமுன் எடுக்கக் கூடாது. அடித்தகடு இரண்டு தெரிகிறது. ஆண்.

சட்டையைத் தனி முக்கோண அட்டையில் ஒட்டியாயிற்று. பூச்சி தயாரானதும் அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே அது போகும். சீட்டு எழுதிவிட்டோம்: தமிழ்நாடு, கோயம்புத்தூர் மாவட்டம், ஆனைகட்டி, தூர் 4. செடி என்ற இடத்தில், முள்மூங்கிலில் தட்டிப் பிடித்தவற்றின் சீட்டுகளில் எல்லாம் "பாம்புசா பாம்போஸ் மீது" என்றிருக்கும். இந்த ஒன்றில் மட்டும் "பாம்புசா பாம்போஸில் குஞ்சிலிருந்து வளர்த்தது".